எழுபது வயதில் வண்ணக் கண்ணாடிக்கு வந்த ஓவியர்

(உதகையில் ஓவிய மாணவர்களும் ஆர்வலர்களும் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர், கோத்தகிரியிலிருந்தெல்லாம் இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். மிகவும் நன்றி.

மார்க் ஷகால் என்றதும் வானத்தில் மிதக்கும் காதலர்களும் வயலின் வாசிப்பவரும் நினைவுக்கு வருவார்கள். இன்று அந்தப் படங்களுக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. 1887-இல், இன்று பெலாரஸில் இருக்கும் விதெப்ஸ்க் ஊரில், எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மீன் கிடங்குத் தொழிலாளி, அம்மா மளிகைக் கடை வைத்திருந்தார். பாரிஸ், புரட்சிக்கால ரஷ்யா, திரும்பவும் பாரிஸ், நாஜிகளிடமிருந்து தப்பி 1941-இல் நியூயார்க். அங்கே 1944-இல் மனைவி பெல்லா இறந்துபோனார். 1948-இல் பிரான்ஸ் திரும்பியபோது ஷகாலுக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயரும் புகழும் வந்தாயிற்று. பழகிய படங்களையே வரைந்து காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் எழுபதை ஒட்டிய வயதில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வேலையில் இறங்கினார். 1985-இல், 97 வயதில் கண்மூடும்வரை அதை விடவில்லை. அவர் செய்ததிலேயே பெரியது இந்தக் கடைசிக் கால வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் என்று சொல்ல, கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊர் ஸ்டீபன் சர்ச், 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து வந்த உத்தரங்களைத்தான் அங்கே எல்லோரும் காட்டுவார்கள். அடுத்த தடவை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். துண்டு துண்டான கண்ணாடிகளை ஈயப் பட்டை கோத்துப் பிடித்திருக்கும். பழைய முறையில், நிறம் மாறினால் பெரும்பாலும் துண்டும் மாற வேண்டும். துண்டு மாறினால் நடுவே ஒரு கறுப்புக் கோடு வந்தே தீரும். நீலத்துக்குள் நீலத்தைக் கரைத்துக் கரைத்து வரைந்து பழகிய ஷகாலுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்!

அதைத் தீர்த்துவைத்தவர் ஷார்ல் மார்க். அவரும் அவர் மனைவி பிரிஜித் சிமோனும் பிரான்ஸின் ரேம்ஸ் நகரில் பட்டறை நடத்தியவர்கள். தலைமுறை தலைமுறையாக ரேம்ஸ் பேராலயத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்ட குடும்பம் சிமோன் குடும்பம். நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய நீலப் படலம் ஏற்றிய தகட்டை ஷார்ல் மார்க் எடுத்துக்கொள்வார். அமிலம் பட்ட இடத்தில் படலம் கரையும். கொஞ்சம் கரைந்தால் வெளிர்நீலம், முழுக்கக் கரைந்தால் வெள்ளை. அப்புறம் வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் சுட்டால், வெள்ளை இருந்த இடம் மஞ்சளாகும். நீலம் மிச்சமிருக்கும் இடம் பச்சையாகத் தெரியும். ஒரே துண்டில், நடுவே கோடு இல்லாமல், இத்தனை நிறம்! ஈயக் கோடும் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும், ஓவியரின் கோடாகவே ஓடும். பிறகு ஷகால் பட்டறைக்கு வந்து கண்ணாடிமேல் கருமையைத் தன் கையாலேயே பூசுவார், துடைப்பார், சுரண்டுவார். திரும்பவும் சூளை. ஷகால் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஷார்ல் மார்க் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸின் மெட்ஸ் நகரப் பேராலயத்துக்கு இருவரும் சேர்ந்து ஜன்னல்கள் செய்தார்கள். ஜெருசலேமில் ஹதாசா மருத்துவமனையின் யூத ஆலயத்துக்கு, பழைய இஸ்ரேலின் பன்னிரண்டு குலங்களுக்கும் குலத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஜன்னல்கள், 1962-இல் முடிந்தன. மனித உருவமே இல்லை. விலங்கு, பறவை, மீன், மலர் இவற்றை வைத்தே ஒவ்வொரு குலத்தையும் சொல்லிவிட்டார். 1967 அரபு-இஸ்ரேல் போரில் சில சேதமாகின. அவரே சரிசெய்து தந்தார்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது இங்கிலாந்தில் டியூட்லி என்ற சிற்றூர்க் கோயில். 1963-இல் சாரா என்ற 21 வயதுப் பெண் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்தாள். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். அவள் நினைவாக ஒரு ஜன்னல் கேட்டார்கள். கீழே, சுழலும் நீலத் தண்ணீரில் பெண்ணின் உருவம், துக்கம் காப்பவர்கள், மேலே ஏறும் ஏணி, உச்சியில் சிலுவையில் கிறிஸ்து. நீரும் வானமும் ஒரே நீலம். எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. 1967-இல் அதை நிறுவியபோது நேரில் வந்த ஷகால், மற்ற ஜன்னல்களையும் தானே செய்வதாகச் சொன்னார். பன்னிரண்டும் முடிய 1985 ஆயிற்று. சின்ன ஊர், சின்னக் கோயில் என்று அவர் தட்டிக்கழிக்கவில்லை.

நீலத்தைப் பற்றி நம் மலைக்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப்போகும். நீலம் அதற்குப் பிறகும் நிற்கும். ஆடி மாதம் மேகம் இறங்கி நாலு மணிக்கே இருட்டும் ஊரில் வாழும் நமக்கு இது புத்தகத்தில் படிக்கும் விஷயமே இல்லை. வெயிலில் ஒரு தடவை, மேகத்தில் ஒரு தடவை ஒரே ஜன்னலைப் பாருங்கள், போன் கேமராவை நம்பாதீர்கள்.

கடைசியாக ஜெர்மனியின் மைன்ஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்த ஸ்டீபன் ஆலயம். யூதர்களை அழிக்கப் பார்த்த நாட்டில் ஒரு யூதர் வேலை செய்வதா? ஆலயப் பாதிரியார் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஷகால் சம்மதித்தபோது தொண்ணூறை நெருங்கியிருந்தார். 1978-இல் முதல் ஜன்னல், மொத்தம் ஒன்பது. அவர் இறந்த பிறகு, மிச்ச ஜன்னல்களை ஷார்ல் மார்க் செய்தார். ஷகாலின் உருவங்களைப் போலி செய்யாமல், அந்த நீலத்தை மட்டும் தொடர்ந்தார். இவ்வளவு நெருங்கிப் பழகிய கைக்குத்தான் அந்த அடக்கம் வரும்.

சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன். அமில வேலை பற்றி மாணவர்களுக்குக் கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன், முதலில் அவர்கள் கேட்கட்டும்.