உச்சி வெயிலில் ஒரு பீஜ் டேஷ்போர்டு

வணக்கம் நண்பர்களே. அண்ணனின் புதுக் காரைக் கோயம்புத்தூரிலிருந்து திருச்சூர் வரை ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். எஞ்சின், மைலேஜ், சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று எனக்குள்ள எரிச்சல் முழுவதும் அந்த டேஷ்போர்டின் மேல்தட்டின் மீதுதான். கீழ்ப்பாதி மட்டும் பீஜ் (வெளிர் மணல்) நிறமாக இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். முன்கண்ணாடிக்கு நேர் கீழே, வெயில் மொத்தமும் வந்து விழுகிற மேற்பரப்பையும் அதே நிறத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும் என்று ஷோரூமில் சொன்னார்களாம். அண்ணிக்கும் அது பிடித்துப் போய்விட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும்.

வாளையாறு தாண்டியபோது உச்சி வெயில். முன்கண்ணாடி முழுவதும் பாலாடை படர்ந்ததுபோல் வெளிறிவிட்டது. அதில் ஏசி துவாரத்தின் கோடுகளையும், அண்ணி வைத்திருந்த வெள்ளை டிஷ்யூ பெட்டியின் ஓரத்தில் இருந்த பூ வேலைப்பாட்டையும்கூட என்னால் பார்க்க முடிந்தது. திறந்த வெளியில் எதிரே இருப்பவையும் வெயிலில் பிரகாசமாக இருப்பதால் சமாளித்துவிடலாம். நம் வண்டி வெயிலிலும் எதிரே இருப்பது நிழலிலும் இருக்கும்போதுதான் ஆபத்து. புளியமரத்தடியில் நடந்து வருகிறவர், மேம்பாலத்துக்குக் கீழே விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் இவையெல்லாம் அந்த வெளிறலுக்குள் கரைந்துவிடுகின்றன. குதிரான் சுரங்கப்பாதையின் வாயை நெருங்கும்போது இது உச்சத்துக்குப் போனது. உள்ளே முன்னால் சென்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கம், எங்கள் வண்டியும் நிழலுக்குள் நுழைந்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

இதன் காரணம் எளிமையானது. கண்ணாடியின் மீது நேராக விழும் ஒளியில், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பி வருகிறது. 60 பாகைச் சாய்வில் விழும்போது அது 9 சதவீதத்தை நெருங்குகிறது. இன்றைய கார்களின் முன்கண்ணாடி நன்றாகப் படுத்த வாக்கில் இருப்பதால், நாம் சாலையைப் பார்க்கும் பார்வைக்கோடு ஏறக்குறைய அந்தக் கோணத்தில்தான் அதைத் தொடுகிறது. அங்கே கண்ணாடி நமக்குக் காட்டும் பிம்பமும் டேஷ்போர்டின் மேல்தட்டுதான். பழைய அம்பாசிடர், பேருந்து, லாரி ஆகியவற்றின் கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் அவற்றில் டேஷ்போர்டைவிட இருக்கையும் ஓட்டுநரின் சட்டையும்தான் அதிகம் தெரியும். (இரவுப் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பின்னால் திரை போடுவதற்கும் கண்ணாடியில் விழும் இந்தப் பிம்பம்தான் காரணம்.) அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்ணாடியின் சாய்வையும் டேஷ்போர்டின் வெளிர்நிறத்தையும் சேர்த்து ஆராய்ந்து, இரண்டும் கூடக்கூட ஓட்டுநரின் பார்வைத்திறன் குறைகிறது என்று எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் இன்று மேல்தட்டைப் பீஜ் நிறத்தில் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபிலிம் ஒட்டினால் சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாது. கருப்பு ஃபிலிம் வெளியிலிருந்து வரும் ஒளியைக் குறைக்கும். டேஷ்போர்டின் மீது விழும் வெயிலும் அதே கண்ணாடி வழியாகத்தான் வருவதால், உட்பரப்பில் பட்டுத் திரும்பும் அதன் பிம்பமும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் மங்கும். ஆக, எது தெரிய வேண்டுமோ அதுவும் சேர்ந்தே மங்கும், வெளிறல் பெரிதாகக் குறையாது. தவிர, முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் கருப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது.

மேல்தட்டைக் கருப்பாக்குவதுதான் தீர்வு. அக்சஸரீஸ் கடை ஒன்றில் டேஷ்போர்டு மேட் கேட்டேன். 2,400 ரூபாயாம்! அதுவும் ஓரத்தில் பளபளப்பான வெள்ளி நிறப் பைப்பிங் வைத்து. எதை மறைக்க வாங்குகிறோமோ அதையே ஓரத்தில் தைத்துத் தருவதற்கு 2,400 ரூபாய். பைப்பிங் இல்லாமல் வேண்டும் என்றதற்கு, ‘அது ஸ்பெஷல் ஆர்டர், 2,700 ஆகும்’ என்றார்கள். வேலையைக் குறைத்தால் விலை ஏறுகிற அந்தக் கணக்கு எனக்கு இன்று வரை புரியவில்லை. நேராக ஒப்பணக்கார வீதிக்குப் போய், ஒரு துணிக்கடையில் கருப்பு ஃபெல்ட் துணி ஒன்றரை மீட்டர் வாங்கினேன். 270 ரூபாய் என்றார், 250-க்குக் கொடுத்தார். செய்தித்தாளில் அச்சு எடுத்து வெட்டி விரித்தபோது கண்ணாடி கண்ணாடியாகத் தெரிந்ததே, அந்த மகிழ்ச்சிக்கு 250 ரூபாய் மிகவும் குறைவு.

துணியைப் பற்றிச் சொல்லும் வேகத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக், டேஷ்போர்டின் மேல்தட்டைப் பிளந்துகொண்டுதான் வெளிவரும். ஆகவே அந்த மூடியின் மீதும் அதன் விளிம்புகளின் மீதும் துணி படாமல் வெட்ட வேண்டும். அங்கே பீஜ் திட்டு ஒன்று தெரிந்தாலும் பரவாயில்லை, மறைக்காதீர்கள். கண்ணாடியின் பனியை நீக்கும் காற்றுத் துவாரங்களையும், முகப்பு விளக்கு தானாக எரிவதற்கான சென்சாரையும் மூடக் கூடாது. துணி நகர்ந்து ஸ்டீயரிங் பக்கம் வராதபடி வெல்க்ரோ போடுங்கள். இரட்டைப் பக்க டேப் நம் ஊர் வெயிலில் இளகிப் பிசுபிசுத்துவிடும். டேஷ்போர்டு பாலிஷைப் பற்றிய என் வெறுப்பு உங்களுக்குத் தெரியும். கருப்பு டேஷ்போர்டு வைத்திருப்பவர்கள்கூட அதைப் பூசிப் பளபளப்பாக்கி, இல்லாத பிரச்சினையை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

துணியே வேண்டாம் என்பவர்களுக்குப் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருக்கிறது. கண்ணாடியில் சுமார் 56 பாகையில், அதாவது புரூஸ்டர் கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைத்தள அதிர்வை மட்டுமே கொண்டிருக்கும். முன்கண்ணாடி அதற்கு மிக நெருக்கமான சாய்வில் இருப்பதால், கிடைத்தள ஒளியைத் தடுக்கும் இந்தக் கூலிங் கிளாஸ் டேஷ்போர்டின் பிம்பத்தைப் பெருமளவு அழித்துவிடுகிறது. என் டேஷ்கேமில் சிபிஎல் என்ற போலரைசிங் ஃபில்டர் மாட்டியிருப்பதும் இதற்காகத்தான். ஆனால் வேகத்தை முன்கண்ணாடியிலேயே காட்டும் எச்யுடி உள்ள வண்டியில் அந்த எண்களும் மங்கிவிடும். சில திரைகளும் இருண்டு தெரியும். இரவில் அதை அணிந்து ஓட்டவே கூடாது.

புது வண்டி புக் செய்யப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேளுங்கள். மாலையில் வாருங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேல்தட்டு வெளிர்நிறமாக உள்ள வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து கண்ணாடியைப் படமெடுத்து, மாடலின் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். துணி வெட்டுவதற்கான அச்சை அடுத்த வீடியோவில் அளவுகளோடு காட்டுகிறேன்.