யாரும் பார்க்காத கடை

(கோத்தகிரியில் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)

அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். மூடுபனி இறங்குவதற்குள் விட்டுவிடுகிறேன். கடைசி பஸ் கவலை எனக்கும் உண்டு.

"தேன், தைலம் என்று இயற்கைக்குக் கெடுதல் இல்லாத பொருள்தான் விற்கிறோம், ஆன்லைனில் மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று கேட்டீர்கள். கடைவீதியில் துணிப்பை வாங்குபவரை நாலு பேர் பார்க்கிறார்கள். அதே ஆள் இரவு 11 மணிக்குப் போர்வைக்குள் கிடந்து போனில் வாங்கும்போது யார் பார்க்கிறார்கள்? மக்கள் பொருள் வாங்கும் விதத்தை ஆராயும் விளாடாஸ் கிரிஸ்கெவீசியஸும் சகாக்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஆய்வுக்கு வந்தவர்களிடம் அந்தஸ்து என்ற நினைப்பைக் கிளப்பிவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கடையில் வாங்குவதாக நினைத்தவர்கள் இயற்கைக்குக் கெடுதல் குறைந்த பசுமைப் பொருள் பக்கம் சாய்ந்தார்கள். வீட்டிலிருந்து இணையத்தில் வாங்குவதாக நினைத்தவர்களோ சொகுசுப் பொருள் பக்கம் போனார்கள்!

ஆகவே, யாரும் பார்க்காத ஆன்லைன் கடையில் பூமியைக் காப்போம் என்று எழுதினால் லைக் விழும், ஆர்டர் விழாது. 'பிள்ளைக்குக் கொடுக்கிறோமே, இதில் என்ன கலந்திருக்கிறதோ' என்ற பயம்தான் தேனுக்கு ஆள் கொண்டுவருகிறது. சுயநலம்தான், இருக்கட்டுமே.

அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம். கடையில் தைல பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம், போனில் முடியாது. அங்கே மூக்கின் வேலையை மற்றவர்கள் எழுதிய ரிவ்யூவும் நாம் போடும் படமும் செய்கின்றன. 'இகோ ஃப்ரெண்ட்லி' என்று வெறுமனே போடாதீர்கள். ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்துக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன. தேன் என்றால், எந்தப் பாறையில் இருந்த கூடு, எந்த மாதம், எடுத்தது யார் என்று எழுதுங்கள். நம் மலையின் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் பூத்தையலுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; அசல் எது என்று கேட்பவருக்கு அதைக் காட்டலாம்.

உண்ணிச்செடியை, அதாவது லாண்டனாவைப் பாருங்கள். காட்டை மூடிக்கொண்டிருக்கும் களை. கூடலூர் பக்கம் அதன் குச்சிகளில் செய்த யானைச் சிற்பங்கள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. வாங்க வாங்கக் காட்டில் களை குறைகிற பொருள் வேறு என்ன இருக்கிறது? ஆனால் உண்ணிக்குச்சியில் செய்த ஸ்டூலின் படத்துக்குக் கீழே 'கைவினை' என்று ஒரே சொல்லைப் போட்டால், வாங்குபவர் பிரம்பு என்று நினைத்து விலை பேசுவார்.

கடைசியாகப் பேக்கிங். தேன் பாட்டிலை நாலு சுற்று பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பினால், ரிவ்யூவில் முதலில் வருவது அந்தப் படம்தான். பழைய பேப்பர், தேங்காய் நார் போதும் என்பேன்; பாட்டில் உடையாமல் போகுமா என்பதை அனுப்பிப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பின்வரிசையில் ஒரு அக்கா கை தூக்குகிறார். சொல்லுங்கக்கா, எத்தனை உடைந்தது?