மீசைக்கார அப்பாவும் மகனும்

வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போகிற படத்தில் அப்பாவும் பட்டாளத்துக்காரர், பிள்ளையும் பட்டாளத்துக்காரன். பெயர் 'ஓல்ட் பில் அண்ட் சன்', 1941-இல் வந்த பிரிட்டிஷ் படம். அப்பா முதல் உலகப் போரில் சேற்றில் புரண்டுவிட்டு வந்தவர். அடுத்த போர் வந்து மகன் பிரான்சுக்குப் போனதும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மனசு வராமல், இந்த வயசில் தானும் கிளம்பிவிடுகிறார். கதை அவ்வளவுதான்.

ஆனால் இந்த அப்பா சினிமாவுக்காக உண்டாக்கப்பட்டவர் இல்லை. முதல் உலகப் போர்க்களத்திலேயே கார்ட்டூனாகப் பிறந்துவிட்டவர். வரைந்தவர் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர், ராணுவ அதிகாரி; பிறந்தது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற மர்ரியில். 1915-இல் அவர் வரைந்த ஒரு படம் ஊரையே சிரிக்க வைத்தது. இருட்டு, வானமெங்கும் குண்டு வெடிக்கிறது, குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் இரண்டு சிப்பாய்கள், தலையும் தோளும்தான் தெரிகின்றன. ஒருவர் மூக்குக்குக் கீழே புதர் மாதிரி தொங்குமீசை. அவர்தான் பில். அவர் பக்கத்து ஆளிடம் எரிச்சலோடு சொல்கிறார்: "இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே போயேன்!"

இதில் வீரம் எங்கே இருக்கிறது? இல்லை. வீட்டில் கூரை ஒழுகினால் நாம் எப்படிப் புலம்புவோமோ அப்படி ஒரு புலம்பல். அதனால்தான் சிப்பாய்களுக்கு அது பிடித்தது என்று நினைக்கிறேன், அவர்கள் வாயில் நாள் முழுக்க இருந்ததே முணுமுணுப்புத்தானே.

சரி, படத்துக்கு வருவோம். அப்பா வயசுக்குச் சண்டை போடும் பிரிவில் இடம் கிடையாது, அதனால் பயனியர் படையில் சேர்கிறார். 1939-இல் தொடங்கிய நிஜப் படை அது. பள்ளம் வெட்டுவது, சாலை போடுவது, சரக்கு ஏற்றி இறக்குவது இதெல்லாம் வேலை, முந்தைய போரைப் பார்த்த நடுவயசுக்காரர்கள் பலர் உண்மையிலேயே அதில் இருந்தார்கள். படத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி பிடித்த மனுஷன் இப்போது மண்வெட்டி பிடிக்கிறார், மகன் கையில் துப்பாக்கி. வீட்டில் அதட்டிய அப்பா இங்கே மகனுக்கு ஒரு படி கீழே. சில வசனங்கள் இன்றைக்கு நமத்துப்போயிருக்கின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு நமத்துப்போகவில்லை.

அப்பாவாக மோர்லண்ட் கிரஹாம். மகனாக ஜான் மில்ஸ். 'காந்தி' படத்தில் வைஸ்ராயாக வருவாரே, அவரேதான். கிரஹாம் பிறந்தது 1891-இல், மில்ஸ் 1908-இல். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பதினேழே வருஷ வித்தியாசம்! மீதியை மீசை பார்த்துக்கொண்டது.

இந்தப் படத்தின் மேல் சரித்திரம் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறது. படம் காட்டுகிற பிரான்ஸ், 1939 செப்டம்பரில் போர் அறிவித்த பிறகு பெரிய சண்டை எதுவும் நடக்காமல் படைகள் காத்துக்கிடந்த மாதங்களின் பிரான்ஸ். சிரிக்க நேரம் இருந்த காலம். 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் உள்ளே புகுந்தார்கள், ஜூன் 4-க்குள் டன்கிர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3,38,000 பேரைக் கப்பலிலும் படகிலும் அள்ளிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 1941-இல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு, திரையில் அப்பாவும் மகனும் உலாவிய அந்த இடம் எதிரி கையில். அவர்கள் தலைக்கு மேலேயே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் சிரித்திருப்பார்களா? மீசைக்காரர் குழிக்குள் இருந்தபடி எரிந்து விழுந்ததற்கு அவர்களுடைய அப்பாக்கள் சிரித்தார்களே.

டன்கிர்க்கை வைத்தே 1958-இல் ஒரு பிரிட்டிஷ் படம் வந்தது. அதில் வழி தவறிய சில சிப்பாய்களைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு வரும் கார்ப்பரல் யார் தெரியுமா? நம்ம ஜான் மில்ஸ். அப்போது அவருக்கு ஐம்பது வயசு, 1941-இல் அவருக்கு அப்பாவாக நடித்த கிரஹாமுக்கு ஏறக்குறைய என்ன வயசோ அதே வயசு. மீசை மட்டும் இல்லை.