கதிர் வெளுத்த பிறகு மருந்து எதற்கு?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

மார்கழிப் பனியில் சம்பா நெல் கதிர்விடும் நேரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "கதிர் வெளுத்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" முதலில் அந்தக் கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு உருவிக்கொண்டு வந்தால் அது தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை. வராமல், கழுத்து கறுத்து அந்த இடத்திலேயே ஒடிந்து தொங்கினால் குலை நோய். அதற்கு அப்போது மருந்து அடித்தால் கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

காரணம் இதுதான். குலை நோய்ப் பூஞ்சையின் வித்து பனி ஈரத்தில் இலைமேல் முளைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கரிய குமிழை உண்டாக்குகிறது. அதனுள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அந்த விசையில்தான் இலைத்தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. குமிழ்ச் சுவரில் படியும் மெலனின் என்ற கரு நிறமி இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. நாம் தெளிக்கும் டிரைசைக்ளசோல் அந்த மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. அதாவது, பூஞ்சை நுழைவதைத்தான் தடுக்கும். நுழைந்துவிட்டால் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. ஆகவே இலையில் இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தென்பட்டால், தொண்டைக்கதிர் பருவத்தை, அதாவது கதிர் வெளிவராமல் தண்டுக்குள் இருக்கும் பருவத்தைத் தாண்டவிடாமல் மருந்தை முடித்துவிடுங்கள்.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. 1919-இலேயே தஞ்சை டெல்டாவைச் சூறையாடியிருக்கிறது. கோ 4 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்கள் அந்தக் காலத் தேடலில் கிடைத்தவை. இன்று நாம் விரும்பி நடும் வெள்ளைப் பொன்னியும் ஆந்திரா பொன்னியும் இந்த நோய்க்கு எளிதில் இடம் கொடுப்பவை. சாப்பாட்டுக்கு ருசி, சந்தையில் விலை; விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவற்றை நட்டுவிட்டு, பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று யூரியாவைக் கூடுதலாக வீசாதீர்கள். தழைச்சத்து மிகுந்த இலையில் பூஞ்சை செழித்து வளரும். எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா இடுங்கள்.

வணக்கம்.