மன்னர் ஜோக் படித்த காலம்

நேயர்களுக்கு வணக்கம். இளமையில் படித்த நகைச்சுவைப் பத்திரிகைகளைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். உடனே சரி என்றேன். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பேரப்பிள்ளைகள் கைப்பேசியோடு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். வானொலியில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கும் பலரைப் போல நானும் மேகசின் பேரக்ஸில் பிறந்தவன். டர்பன் நகரசபையில் வேலை செய்த நம் ஆட்களின் குடியிருப்பு அது. அங்கே ஒரு ஆனந்த விகடன் வந்து சேர்ந்தால் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். வரும்போது அட்டை இருக்காது, சில சமயம் தொடர்கதையும் இருக்காது. யாராவது கிழித்து எடுத்துத் தைத்து வைத்திருப்பார்கள். ஜோக்குகள் மட்டும் தப்பித்து வரும்.

கடையில் போய் வாங்க வழியில்லை. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையே நிறுத்திவிட்டது. நமக்கு நடந்த அநியாயத்துக்காக நிறுத்தியதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் விகடனும் குமுதமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டன. ஊருக்குப் போனவர்கள் திரும்பும்போது பம்பாயில் கரஞ்சா கப்பலிலோ கம்பாலா கப்பலிலோ ஏறி, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் நாலைந்து இதழ்களை வைத்துக் கொண்டுவந்தால் உண்டு. அதனால் எங்களுக்கு எல்லாச் சிரிப்பும் தாமதம். 1967இல் சென்னையில் காங்கிரஸ் ஆட்சி போய் அண்ணாதுரை முதல்வரான பிறகும், எங்கள் தெருவில் பழைய மந்திரிகளைக் கேலி செய்யும் இதழ்தான் கைமாறிக்கொண்டிருந்தது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அந்த மந்திரி வீட்டுக்குப் போயிருப்பார்.

விகடன் 1926இல் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் எஸ். எஸ். வாசன் அதை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தாராம். எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. மாலியின் கோடுகள், தேவனின் துப்பறியும் சாம்பு எல்லாம் எனக்கு முந்திய தலைமுறையின் சொத்து. என் அப்பா சாம்பு கதையை வாய்விட்டுப் படிப்பார், பாதியில் அவரே சிரித்துவிடுவதால் முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே போகும். எனக்குக் கிடைத்தவர் ஓவியர் கோபுலு. அவர் படத்துக்குக் கீழே எழுத்தே வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிக்கொண்டிருந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

பல ஜோக் எங்களுக்குப் புரியாது. ரேஷன் கடை ஜோக்கில் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று பெரியவர்களைக் கேட்டால், அவர்களும் இங்கே நேட்டாலில் பிறந்தவர்கள், அவர்களுக்கும் தெரியாது. ஆனால் மன்னர் ஜோக் மட்டும் யாரும் விளக்காமலே புரிந்தது. அரண்மனைக்குப் பின்வாசல் எதற்கு என்று தளபதி கேட்பார். எதிரி முன்வாசலில் வரும்போது வீரநடை போட்டு வெளியேறத்தான் என்று மந்திரி சொல்வார். இந்த ரகம்தான். நம் நாட்டில் அப்போது ஆள்பவர்களைப் பார்த்து அச்சில் சிரிக்க முடியுமா? 1963இல் தணிக்கைக்கென்றே சட்டம் வந்தது. எந்தப் புத்தகத்துக்குத் தடை என்று அரசிதழில் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் தொடைநடுங்கி மன்னரும் அவர் மந்திரியும் இருக்கவில்லை. பின்னால் நாட்டை ஆள வந்த பி. டபிள்யூ. போத்தா தொலைக்காட்சியில் விரலை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கியதும், நாங்கள் மன்னருக்கு ஒரு தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டோம். அவருக்குப் பெரிய முதலை என்று பட்டப்பெயர் வைத்தது நாங்கள் அல்ல, அவர் ஆட்களேதான். ஆனால் எங்களுக்கும் அது பிடித்திருந்தது.

அப்புறம் துக்ளக் வந்தது. 1970 பொங்கலுக்கு சோ ராமசாமி தொடங்கினார். முதல் இதழ் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொள்ளும். விகடன் ஓரமாகக் கிள்ளியதைத் துக்ளக் நேராக அறைந்தது. அதன் அரசியலோடு எனக்கு ஒத்துப்போனதில்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் இதழ் கைக்கு வந்தால் முதலில் கேள்வி பதில் பக்கத்தைத்தான் திருப்புவேன். இந்திரா காந்தி 1975இல் நெருக்கடிநிலை கொண்டுவந்தபோது அட்டையை முழுக்கக் கறுப்பாக அச்சிட்டார்கள். அந்த அட்டையை நான் மறந்தே போயிருந்தேன். 1986 ஜூனில் இங்கே நெருக்கடிநிலை வந்து, வீக்லி மெயில் பத்திரிகை தணிக்கைக்கு உட்பட்ட வரிகளின் மேல் கறுப்பு மையடித்துக் கடைக்கு அனுப்பியபோதுதான் நினைவு வந்தது. இந்த வித்தையை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்று அன்றைக்கு நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் பெரிய கூத்து. 1987 மார்ச் கடைசியில் விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். தமிழ்நாட்டுச் சட்டசபைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதச் சிறைத் தண்டனை! ஊரே கொதித்ததால் சில நாட்களில் வெளியே விட்டார்கள். அவர் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்து, அடையாளத்துக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கி, அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்.

அந்த ஜோக் டர்பனுக்கு வந்தபோது யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. 1984இல் இங்கே நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை ஒன்று வைத்து எங்களை ஓட்டுப் போடச் சொன்னார்கள். பெரும்பாலோர் போகவே இல்லை. ஆனாலும் உறுப்பினர்கள் வந்தார்கள், மந்திரிகளும் வந்தார்கள். கல்யாண வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், பதில் பந்தி முழுவதிலிருந்தும் வரும். சென்னையில் அதற்கு ஜெயில் என்றார்கள், இங்கே பாயசம் கிடைத்தது. தமிழில் சொன்னதால் கிடைத்த பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். போன மாதம் பழைய கட்டு ஒன்றைப் பிரித்து உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் மனைவி பூரிக்கட்டையால் அடிக்கும் ஜோக், மாமியார் சமையல் ஜோக், நர்ஸைப் பார்த்து அசடு வழியும் நோயாளி ஜோக். என் பேத்திக்கு ஒன்றைப் படித்துக் காட்டினேன். "தாத்தா, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள். அவள் கேட்டது ரேஷன் கடை ஜோக்கைப் பற்றி அல்ல, பூரிக்கட்டையைப் பற்றி. என்னிடம் பதில் இல்லை. குமுதத்தில் வந்த அப்புசாமியும் சீதாப்பாட்டியும் மட்டும் அவளிடம் தேறினார்கள். அங்கே ஒவ்வொரு முறையும் பாட்டிதான் ஜெயிப்பாள் என்பதால் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். துக்ளக்கின் முதல் வருஷத்து இதழ்கள் யாரிடமாவது இருந்தால் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துப் படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவேன். என்னிடம் விகடன் தீபாவளி மலர் இரவல் வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தராதவர்களும் அழைக்கலாம். பெயர் கேட்க மாட்டேன், மலரை வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும். வணக்கம்.