பத்து நிமிஷத்துல முழிப்பு வந்தாச்சு, ஆனா மருந்து உடம்பை விட்டுப் போகல!

ஆபரேஷனுக்கு முன்னாடி கையில ஊசி ஏறுது. "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வாங்க"ன்னு டாக்டர் சொல்றாங்க. வாயில திடீர்னு பூண்டு ருசி! அரை நிமிஷத்துல எண்றது நின்னுடுது. டாக்டர் விரல் நுனியால இமை முடியை லேசா தடவிப் பாக்குறாங்க. கண்ணு சிமிட்டல. ஆள் மயங்கியாச்சு.

இந்த மயக்க மருந்துதான் தயோபென்டோன். பென்டோதால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. குப்பியில மஞ்சள் பொடியா இருக்கும், தண்ணி கலந்து ரத்தக்குழாய்ல போடுவாங்க. அந்தப் பூண்டு ருசிக்குக் காரணம், இதுல இருக்கிற கந்தகம். அபாட்ங்கிற அமெரிக்க மருந்து கம்பெனியில வோல்வைலர், டேபர்ன்னு ரெண்டு பேர் உருவாக்கினாங்க. 1934 மார்ச் 8, அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ரால்ஃப் வாட்டர்ஸ்ங்கிற மயக்க டாக்டர் முதல் தடவையா மனுஷருக்குப் போட்டார். மூளையில 'அடங்கு'ங்கிற சமிக்ஞையை வாங்குற காபா ஏற்பியைப் பிடிச்சு நரம்பு செல்களை அடக்குது. அதுக்குத் தனி வீடியோவே போடலாம், வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒரே ஒரு ஊசின்னா அஞ்சு, பத்து நிமிஷத்துல முழிச்சிடுவாங்க. கல்லீரல் அவ்வளவு வேகமா மருந்தை அழிச்சிடுச்சா? இல்லவே இல்ல! பாதி மருந்து வெளியேறவே பல மணி நேரம் ஆகும்.

அப்புறம் எப்படி முழிப்பு வருது? இப்படி நினைச்சுப் பாருங்க. ஒரு சின்ன டம்ளர், ஒரு பெரிய தொட்டி. ரெண்டையும் குழாய் போட்டு இணைச்சிருக்கு. டம்ளருக்குப் போற குழாய் அகலம், தொட்டிக்குப் போறது குறுகல். தண்ணி விட்டதும் டம்ளர் டக்குனு நிரம்புது. அப்புறம் தொட்டி மெல்ல மெல்ல இழுக்க இழுக்க, டம்ளர்ல மட்டம் இறங்குது. ஒரு சொட்டுகூட வெளிய சிந்தல, இடம்தான் மாறியிருக்கு. டம்ளர்தான் மூளை. உடம்பு எடையில ஐம்பதுல ஒரு பங்குதான், ஆனா ரத்தம் கொட்டிக்கிட்டே இருக்கும். தொட்டி நம்ம தசை, அதுக்கப்புறம் கொழுப்பு. மருந்து மூளையிலேர்ந்து தசைக்குக் குடிபோனதும் கண்ணு திறக்குது. எவ்வளவு அழகான கணக்கு பாருங்க!

ஆனா திரும்பத் திரும்ப ஊசி போட்டா? தொட்டியும் நிரம்பிடும். டம்ளர் மட்டம் இறங்க வழியே இல்ல, தூக்கம் மணிக்கணக்கா நீளும். 'குறுகிய நேர மருந்து'ங்கிற பேரை நம்பி இதையே சொட்டுச் சொட்டா ஏத்திக்கிட்டிருந்தா ஆபத்து. இன்னொண்ணு, இது வலியைப் போக்காது, தூங்க மட்டும்தான் வைக்கும். வலிக்கு வேற மருந்து கூட வேணும்.

1980கள்ல புரோபோஃபால்ங்கிற இன்னொரு மயக்க மருந்து வந்து இந்த இடத்தைப் பிடிச்சிடுச்சு. அது உடம்பை விட்டுச் சீக்கிரம் கிளம்பிடும், தெளிவும் நல்லா வரும். ஆனாலும் நிக்காத வலிப்புக்கும், மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுறப்பவும் சில இடங்கள்ல இன்னமும் இந்த மஞ்சள் பொடியைத்தான் எடுக்குறாங்க.