தடுப்பாட்டத்தைத் தழும்பேறிய கையில் கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது என்.எஃப்.எல். போட்டியில், முதன்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆகிறவர் தன் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக, அதாவது தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளராக, யாரை அமர்த்த வேண்டும்? பழுத்த அனுபவசாலியையா, புதுச் சிந்தனை உள்ள இளைஞரையா? இதுதானே தலைப்பு. அனுபவசாலியைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், "ஆட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, எழுபதைத் தொடும் மனிதரை வைத்து இன்றைய குவார்ட்டர்பேக்கை, பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவரை, எப்படி மடக்குவது?" என்று கேட்டார். இளம் கோஆர்டினேட்டர்களாக ராபர்ட் சாலாவைச் சொன்னார், பிராண்டன் ஸ்டேலியைச் சொன்னார். இருவரிடமும் வருகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு ப்ளே, அதாவது பந்து கிளம்பி நிற்கும் வரையான ஒரு முயற்சி, களத்தில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு ப்ளே முடிந்ததும் கடிகாரம் 40 விநாடியிலிருந்து இறங்கத் தொடங்கும். தடுப்பாட்டக்காரர்கள் 11 பேரில் ஒருவர் ஹெல்மெட்டில் மட்டும் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும், அதற்குள்தான் ஸ்பீக்கர். பெரும்பாலும் அவர் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர். கடிகாரம் 15ஐத் தொட்டதும் அந்த ஒலி அறுந்துவிடும். ஆகக் கையில் இருப்பது 25 விநாடி. அதற்குள் மாடத்தில் இருக்கும் உதவிப் பயிற்சியாளர், எதிரணி மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுகள் எத்தனை பேரை, ஓடிப் பந்து பிடிக்கும் ரிசீவர்கள் எத்தனை பேரை உள்ளே அனுப்புகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக் ரிசீவரை ஒட்டிக் காக்கும் கார்னர்பேக்கைக் கூடுதலாக இறக்குவதா, கனத்த லைன்பேக்கரையே வைத்துக்கொள்வதா என்று கோஆர்டினேட்டர் முடிவெடுக்க வேண்டும். பிறகு முன்வரிசை எப்படி நிற்பது, பின்னால் பாஸைக் காக்க என்ன கவரேஜ், கூடுதல் ஆளைக் குவார்ட்டர்பேக் மேல் பாயவிடும் பிளிட்ஸ் உண்டா இல்லையா என்று மைக்கில் சொல்ல வேண்டும். லைன்பேக்கர் அதைக் காதில் வாங்கி மற்ற பத்துப் பேருக்கும் கடத்த வேண்டும். எதிரணி கூடிப் பேசும் ஹடில் போடாமல் ஓடிவந்து வரிசை கட்டினால் அந்த நேரமும் இல்லை.

சொல்வது ஐந்து விநாடி பிந்தினால் என்ன ஆகும்? கார்னர்பேக், கவர் 2, அதாவது ஆழத்தைக் கடைசி வரிசையின் இரண்டு சேஃப்டிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக் கிட்டத்திலேயே நிற்பார். சேஃப்டி, கவர் 3, அதாவது ஓர ஆழத்தைக் கார்னர்பேக் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து நடுவிலேயே நிற்பார். ஓரக்கோட்டை ஒட்டி 20 யார்டு பின்னால் வெட்டவெளி. டிவியில் பார்க்கிறவர் கார்னர்பேக்கைத் திட்டுவார். பிழை மைக்கில் நடந்திருக்கும்.

அந்த 25 விநாடியில் தலைமைப் பயிற்சியாளர் எங்கே இருக்கிறார்? தாக்குதலில் என்ன ப்ளே என்று தானே சொல்கிறவர் என்றால், தன் குவார்ட்டர்பேக்கோடு டேப்லெட்டில் முந்தைய ப்ளேக்களின் படங்களைப் பார்த்து, அடுத்த முறைக்குத் தயார் செய்துகொண்டிருப்பார். அந்த நேரம் முழுக்க அணியின் தலைவர் கோஆர்டினேட்டர்தான். அந்த நாற்காலியில் ஆளை உட்கார வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கப் புதியவருக்கு நேரம் ஏது?

2017 ஜனவரியில் ஷான் மெக்வே லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 30. தடுப்பாட்டத்துக்கு அவர் அழைத்தது 69 வயது வேட் பிலிப்ஸை. ஓராண்டுக்கு முன், லீகின் இறுதிப் போட்டியான 50ஆவது சூப்பர் பவுலில், கரோலினாவை 10 புள்ளிகளோடு நிறுத்திய டென்வர் தடுப்பாட்டம் பிலிப்ஸுடையது. டென்வரில் ஒப்பந்தம் முடிந்து நின்றார். இது சின்ன விஷயம் இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் கோஆர்டினேட்டரை இன்னோர் அணி அதே பதவிக்குக் கேட்டால், சொந்த அணி விடமாட்டேன் என்று மறுக்கலாம். ஆகவே ஜனவரியில் யார் கை விடுபட்டு நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ராம்ஸ் அதுவரை ஆடியது 4-3, அதாவது முன்வரிசையில் நால்வர், பின்னால் மூன்று லைன்பேக்கர். பிலிப்ஸ் ஆடுவது 3-4, முன்னே மூவர், பின்னால் நால்வர். ஆளெல்லாம் மாற்ற வேண்டுமே என்று பயந்தார்கள். பிலிப்ஸின் 3-4இல் முன்வரிசைக்காரர் இரண்டு இடைவெளியைக் காத்து நிற்க மாட்டார். ஒரே இடைவெளியில் பாய்வார். முன்வரிசை வீரர் ஏரன் டானல்டின் வேகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 2017, 2018 இரண்டு ஆண்டும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே. 2018இல் மட்டும் 20.5 சாக், அதாவது பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது. இழப்பும் இருந்தது, மறைக்கவில்லை: ராபர்ட் குவின், 4-3இன் முனை வீரர், வெளி லைன்பேக்கராக மாற வேண்டிவந்தது, அடுத்த ஆண்டே மயாமிக்கு மாற்றப்பட்டார்.

ஆனால் நடுவர் அவர்களே, பிலிப்ஸின் பெரிய பலன் தாக்குதல் பக்கம்தான் விளைந்தது. 2016இல் ராம்ஸ் எடுத்த புள்ளி 224, லீகிலேயே கடைசி. 2017இல் 478, லீகிலேயே முதல். 4 வெற்றி 11 ஆனது. ஒரு பக்கத்தைப் பற்றிய கவலை இல்லாத மனிதர் மறுபக்கத்தை எப்படிக் கட்டினார் என்று அந்தக் கணக்கு காட்டுகிறது.

மைக் டாம்லினைப் பாருங்கள். 2007இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது வயது 34, வளர்ந்ததே தடுப்பாட்டப் பக்கம், பழகியது 4-3. இருந்தும் அங்கே 3-4 ஆடிக்கொண்டிருந்த கோஆர்டினேட்டர் டிக் லபோவை அப்படியே வைத்துக்கொண்டார். 2008இல் லீகிலேயே குறைந்த புள்ளி கொடுத்த அணி அதுதான், கோப்பையும் அதற்கே. லபோ அவரோடு எட்டு சீசன் இருந்தார்.

இப்போது ஸ்டேலி. 2020இல் ராம்ஸில் அவர் தடுப்பாட்டம் லீகில் முதலிடம், உண்மை. ஆனால் அது மெக்வேயின் நான்காவது ஆண்டு. நம் தலைப்பு புதியவரைப் பற்றியது. மேலும், ஒரே ஆண்டில் ஸ்டேலியை சார்ஜர்ஸ் அணி தன் தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிப்போய்விட்டது. மைக்கில் சொல்லும் மொழி தெரிந்தவர் போனால் வீரர்கள் மறுபடி புது ஆளோடு பழக வேண்டும்.

சாலா? சான் பிரான்சிஸ்கோ 49ers அணியின் புதிய தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹனோடு முதல் ஆண்டு 6 வெற்றி 10 தோல்வி, இரண்டாம் ஆண்டு 4 வெற்றி 12 தோல்வி. அந்த 2018இல் சீசன் முழுக்க 49ers தடுப்பாட்டம் பிடித்த இன்டர்செப்ஷன், அதாவது இடைமறித்த எதிரணிப் பாஸ், இரண்டே இரண்டு. ஷனஹனுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் இருந்தது, பொறுத்தார்கள். முனை வீரர் நிக் போசா வந்த பிறகு, 2019இல்தான் நிமிர்ந்தது. எத்தனை புதியவருக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிரீன் பே அணியில் 2019இல் மாட் லஃப்ளூர் தக்கவைத்துக்கொண்ட மைக் பெட்டினும் அனுபவசாலிதான். முதல் ஆண்டே 13 வெற்றி. ஆனால் அரையிறுதியில் 49ers எறிந்தது எட்டே பாஸ். அவர்களுடைய ரஹீம் மோஸ்டர்ட் பந்தோடு 220 யார்டு ஓடிக் கதையை முடித்தார். ஆகவே தலைநரையை மட்டும் பார்க்காதீர்கள். நேர்காணலில் அவர் தோற்ற ஆட்டத்தின் வீடியோவையே போட்டு, எந்த ப்ளேயில் எதை மாற்றியிருப்பார் என்று கேளுங்கள். முன்வரிசை, லைன்பேக்கர், பின்வரிசைக்குக் கூடவே வரும் பயிற்சியாளர்கள் யார் என்று கேளுங்கள். இருக்கும் வீரர்களில் யாருக்கு இடம் மாறும், யாருக்கு வேலை போகும் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். சொந்தப் பிழையை மழுப்புகிறவர் எத்தனை வயதானாலும் வேண்டாம்.

அடுத்துப் பேச வரும் நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். செப்டம்பர், முதல் ஆட்டம், இரண்டு நிமிடம் மிச்சம். எதிரணி ஹடில் போடாமல் ஓடிவருகிறது. பச்சைப் புள்ளி லைன்பேக்கர் காயம்பட்டு வெளியேற, வேறொருவர் அந்த ஹெல்மெட்டை மாட்டுகிறார். புதிய தலைமைப் பயிற்சியாளர் மிச்சமிருக்கும் டைம் அவுட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தப் புது லைன்பேக்கர் காதில், மைக் பிடித்துப் பழகிய குரல் கேட்க வேண்டுமா, அன்றுதான் முதன்முறை மைக் பிடித்த குரலா?